மென்மைக்கு ஒரு கத்தி

பூப்போட்ட ஒரு டாய்லெட் ரோலின் வாழ்நாளைக் கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மரமாக நின்றது பல ஆண்டுகள். கூழாகவும் கப்பல் சரக்காகவும் கிடந்தது பல வாரங்கள். ஈரக்கூழ் உலர்ந்து காகிதமானது அரை நொடிக்குள். பயன்பட்டது சில நொடிகள். இந்தப் பயணத்தில் அதற்கு நேர்வதெல்லாம் ஒரே இழுபறிதான். காகிதத்தின் இயல்பு விறைப்பு. மனித உடல் கேட்பது மென்மை. மென்மை வேண்டுமென்றால் காகிதத்தைக் கொஞ்சம் உடைத்தாக வேண்டும். எவ்வளவு உடைப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் வித்தை முழுவதும் இருக்கிறது.

கழிப்பறையில் காகிதம் பயன்படுத்தும் பழக்கத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று சீனாவுடையது. கி.பி. 589 வாக்கில் யான் ஜிதூய் என்ற அறிஞர், ஐந்து செவ்விலக்கியங்களின் வரிகளோ சான்றோர் பெயர்களோ உள்ள காகிதத்தைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தத் தாம் துணிவதில்லை என்று எழுதிவைத்தார். காலில் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்த நமக்கு அந்தத் தயக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1393இல் சீன அரண்மனைக்கென்று ஓராண்டில் 7,20,000 தாள்கள் தயாராயின. பேரரசர் குடும்பத்துக்கு மட்டும் 15,000 தாள்கள் தனியாக, மென்மையாக, மணமூட்டிச் செய்யப்பட்டன. மென்மைக்குத் தனி விலை உண்டு என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

கடைச்சரக்காகக் கழிப்பறைத் தாள் அமெரிக்காவில் பிறந்தது. 1857இல் நியூயார்க்கில் ஜோசப் கயெட்டி, கற்றாழைச் சாறு சேர்த்த தாள்களை 500க்கு 50 சென்ட் என்று விற்றார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை நீர்க்குறியாகப் பதித்தார். சுருள் வடிவம் பிறகு வந்தது. ஆல்பனி நகரத்து சேத் வீலர், கிழிக்கத் தோதாகத் துளைவரிசை இட்ட சுருளுக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் 1879இல் காகித வியாபாரம் தொடங்கிய ஸ்காட் சகோதரர்கள் சுருள்களைச் செய்தார்கள். ஆனால் சொல்லக் கூசும் சரக்கு என்பதால், வாங்கி விற்கும் கடைக்காரர்களின் பெயரிலேயே அவற்றை அனுப்பினார்கள்.

அந்தக் காலத்துக் காகிதத்தில் மரச்சிராய் இருக்கும். மரத்தை அரைத்துச் செய்த மலிவுக் கூழில் அது தவிர்க்க முடியாதது. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் இருந்த நார்தர்ன் ஆலை 1935இல் ‘சிராய் இல்லாத காகிதம்’ என்று பெருமையாக விளம்பரம் செய்தது. சிராய் குத்தாமலிருப்பதே ஒரு சிறப்பாக விற்ற காலம் அது.

பாக்ஸ் ஆறு மிச்சிகன் ஏரியின் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கிரீன் பே. ஆற்று நீர், சுற்றிலும் காடு, சரக்கேற்றத் துறைமுகம் என்று மூன்றும் அமைந்ததால் காகித ஆலைகள் வரிசையாக எழுந்தன. உலகின் டாய்லெட் பேப்பர் தலைநகர் என்று ஊர் பெயரெடுத்தது. 1928இல் ஹோபர்க் கம்பெனி ‘சார்மின்’ ரோலை அங்கேதான் அறிமுகப்படுத்தியது. 1957இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. சோப்புத் தொழிலில் கண்ட ஆராய்ச்சிப் பழக்கத்தைக் காகிதத்துக்கும் கொண்டுவந்தது.

இன்றைக்கு ஒரு நல்ல ரோலுக்குள் இரண்டு நிலங்களின் மரங்கள் இருக்கும். ஒன்று, கனடா போன்ற குளிர்நாடுகளின் ஸ்புரூஸ், பைன் வகைகள். அவற்றின் நார் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். பின்னிப் பிணைந்து தாளுக்கு வலு கொடுப்பது அது. இன்னொன்று தைலமரம். நீலகிரி ஏறியவர்கள் பார்த்துப் பழகிய யூகலிப்டஸ் இனந்தான். ஆனால் கூழுக்கான பெருந்தோட்டங்கள் பிரேசிலில் இருக்கின்றன. அதன் நார் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நீண்ட நார் தாளைத் தாங்குகிறது. குட்டை நார் மேற்பரப்பில் நுனி நீட்டி நின்று பட்டுப்போன்ற தொடுகையைத் தருகிறது. பிரேசில் தைலமரம் ஏழாண்டு வாக்கில் வெட்டுக்கு வந்துவிடும். வடக்கத்திக் காட்டு ஸ்புரூசுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருவோம்.

கூழ், அழுத்திக் காயவைத்த பேல்களாக ஆலைக்கு வருகிறது. பெரிய தொட்டியில் தண்ணீரோடு கலக்கிக் கரைக்கிறார்கள். இயந்திரத்தில் பாயும்போது அதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஓடும் வலைத்துணி மேல் அந்தக் கலவை மெல்லிய படலமாக விரிகிறது. தண்ணீர் வடிய, நார்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. பிறகு ஓடும் கம்பளம் ஒன்று அந்தப் படலத்தைச் சுமந்துபோய், நசுக்கிப் பிழிந்து, ‘யாங்கி’ உருளையின் மேல் ஒட்டுகிறது. ஆலையின் இதயமே அந்த உருளைதான். ஐந்து மீட்டர் வாக்கில் விட்டம் கொண்ட பிரம்மாண்டமான இரும்பு உருளை. உள்ளே நீராவி, மேலே கவிந்த கூண்டிலிருந்து நெருப்பாய்ச் சுடும் காற்று. வேகமான இயந்திரங்களில் தாள் நிமிடத்துக்கு 2,000 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் உருளை ஒரு சுற்றுச் சுற்ற அரை நொடிகூட ஆகாது. அதற்குள் தாளின் ஈரம் ஏறத்தாழ முழுவதும் ஆவியாகிவிடும்.

இங்கே ஒரு சிக்கல். ஈரம் போகப் போக நார்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. எழுதும் காகிதத்துக்கு உறுதி தருவது அந்தப் பிணைப்புதான். அப்படியே விட்டால் கைக்குக் கிடைப்பது மெல்லிய விறைத்த தாள். ஆகவே உருளையின் மறுபக்கத்தில், அதன் முழு அகலத்துக்கும் ஒரு கத்தி காத்திருக்கிறது. உருளைமேல் ஏற்கெனவே தெளித்திருக்கும் பசை, தாளை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒட்டிக்கொண்டே விரைந்து வரும் தாள் கத்தியின் விளிம்பில் முட்டுகிறது; முட்டிய வேகத்தில் சேலைக் கொசுவம் போல நுண்ணிய மடிப்புகளாகக் குவிந்து உரிந்து வருகிறது. நார்ப் பிணைப்புகளில் ஒரு பகுதி அந்தக் கணத்தில் அறுபடுகிறது. நார் நுனிகள் விடுபட்டு மேலே எழுகின்றன. தாள் பருக்கிறது, நெகிழ்கிறது, மென்மையாகிறது. அடுத்து நிற்கும் சுற்றுருளை யாங்கியைவிட மெதுவாகச் சுழல்வதால் மடிப்புகள் கலையாமல் தங்குகின்றன.

பசை கூடினால் தாள் கத்தியில் கிழியும். குறைந்தால் மடிப்பு சரியாக விழாது. கத்தி மழுங்கினால் மடிப்பு கரடாகிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். ரோலிலிருந்து ஓர் அடுக்கைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: அகலவாக்கில் ஓடும் மெல்லிய வரிகள் தெரியும். நீளவாக்கில் மெதுவாக இழுங்கள்: கிழிவதற்கு முன் கொஞ்சம் நீளும். அந்த வரிகளும் அந்த நீட்சியும் கத்தி விட்டுச்சென்ற தடங்கள்.

1967இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் காப்புரிமை பெற்ற ஒரு முறை இதையும் தாண்டியது. ஈரத்தாளைக் கம்பளத்தில் நசுக்கிப் பிழிவதற்குப் பதிலாக, அதன் ஊடாகவே சூடான காற்றைச் செலுத்தி உலர்த்துவது. நசுங்காததால் தாளுக்குள் காற்றறைகள் நிலைக்கின்றன. அதே அளவு நாரில் பருமனான தாள் கிடைக்கிறது. பிழிந்து நீக்கியிருக்க வேண்டிய தண்ணீரையும் காற்றின் வெப்பத்தால் போக்க வேண்டியிருப்பதால் எரிபொருள் செலவு கூடுகிறது. மென்மைக்கு நெருப்பும் விலையாகிறது.

இப்போது பூவுக்கு வருவோம். சுற்றுருளையில் சேர்ந்த தாள், டன் கணக்கில் எடையுள்ள ஜம்போ ரோல்களாக அடுத்த கூடத்துக்குப் போகிறது. அங்கே அச்சு, புடைப்பு, துளைவரிசை, அட்டைக்குழல் மேல் சுற்றுதல், அறுத்தல் என்று வேலைகள் தொடர்கின்றன. அச்சுக்கு ப்ளெக்ஸோ முறை. நுண்குழிகள் நிறைந்த உருளை ஒன்று அளவாக மையை எடுத்து, நெகிழ்வான அச்சுத்தகட்டுக்குத் தருகிறது. தகடு தாளைத் தொட்டு விலகுகிறது. சாதாரணக் காகிதத்தில் இது எளிது. டிஷ்யூ பேப்பரில் ஒவ்வொரு அடியும் போராட்டம்.

முதல் தொல்லை, பஞ்சுத்தூசி. கத்தி விடுவித்த அதே நார் நுனிகள் உதிர்ந்து தகட்டிலும் மைக்குழிகளிலும் அடைத்துக்கொள்கின்றன. இரண்டாவது, கசிவு. ஒரு சதுர மீட்டருக்கு எழுதும் காகிதம் 70, 80 கிராம் இருக்கும். டிஷ்யூ ஓர் அடுக்கு 15 முதல் 20 கிராம்தான். மை அதை ஊடுருவிப் பின்னால் இருக்கும் உருளையையும் கறைப்படுத்தும். மூன்றாவது, இழுவிசை. பூ இடம் மாறாமல் விழத் தாள் விறைப்பாக ஓட வேண்டும். விறைப்பாக இழுத்தால் மடிப்புகள் விரிந்து மென்மை போய்விடும். தளர்த்தினால் தாள் சுருங்கிப் பூ கோணும். நான்காவது எல்லாவற்றிலும் பெரியது. மையிலுள்ள நிறம் ஒட்டி நிற்க அதில் ஒரு பிணைப்பான் வேண்டும். ஈரத்தோலில் நிறம் ஒட்டக்கூடாது, தண்ணீரில் கரையவும் கூடாது என்றால் அது நன்றாகவே பற்ற வேண்டும். பற்றுகிற அந்தப் பொருள், கத்தி பிரித்த நார்களை மறுபடி ஒட்டவைக்கிறது. பூ விழுந்த இடம் விறைக்கிறது.

அதனால்தான் இந்தப் பூக்கள் எப்போதும் வெளிறியே இருக்கின்றன. மெல்லிய கோடுகள், சிறு இதழ்கள், நிறைய வெற்றிடம். மை தொடும் பரப்பு குறைந்தால்தான் மென்மை தப்பும். வேறொரு வழியும் உண்டு. இரண்டு அடுக்குகளை ஒட்டும் பசையிலேயே நிறத்தைக் கலந்துவிடுவார்கள். புடைப்பு உருளையின் மேடுகளில் மட்டும் அந்தப் பசை படும். அடுக்குகளுக்கு நடுவிலிருந்து நிறம் மேலே மங்கலாகத் தெரியும். நிறம் தோலைத் தொடுவதில்லை. ஒட்டுதலும் அலங்காரமும் ஒரே அடியில் முடிகின்றன. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

1950களில் அமெரிக்கக் குளியலறைகளில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று டைல்ஸ் நிறத்துக்கு ஏற்ற ரோல்கள் வந்தன. சாயம் உடலுக்கும் நீருக்கும் ஆகாது என்ற கவலை பின்னால் எழுந்தது; அங்கே கடைகள் மறுபடி வெண்மைக்குத் திரும்பின. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அச்சு ரோல்கள் இன்றும் ஓடுகின்றன. 2009இல் ஜப்பானிய எழுத்தாளர் கோஜி சுசுகியின் ஒரு திகில் கதையே ஹயாஷி என்ற காகித நிறுவனத்தின் ரோலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. யான் ஜிதூய் தயங்கிய எல்லையை எழுத்தே மனமுவந்து கடந்துவிட்டது.

காகிதத்தில் சேர்ப்பதெல்லாம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகிறது. பாக்ஸ் ஆறே அதற்குச் சாட்சி. 1950களின் நடுவிலிருந்து 1971 வரை, கார்பன் தாள் வைக்காமல் நகலெடுக்கும் ஒருவகைக் காகிதத்தின் பூச்சில் பி.சி.பி. என்ற நச்சு இருந்தது. அதைத் தயாரித்த ஆலைகளிலிருந்தும், அதன் கழிவைக் கூழாக்கிய ஆலைகளிலிருந்தும் நச்சு ஆற்றுப்படுகையில் படிந்து மீன்களில் ஏறியது. ஆற்றைத் தோண்டித் துப்புரவாக்கும் பணி 2020இல்தான் முடிந்தது.

ரோலின் கடைசிக் கட்டம் சாக்கடை. அடுப்படிக் காகிதத்துண்டில் ஈரத்திலும் கிழியாதிருக்கப் பிசின் சேர்ப்பார்கள். கழிப்பறைத் தாளில் அந்த நிலையான பிசின் கூடாது. தண்ணீரில் விழுந்ததும் நார் நாராகப் பிரிய வேண்டும். பிரிந்த நார் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நெதர்லாந்தில் அதையும் சலித்தெடுத்துத் தூய்மைப்படுத்தி, லீவார்டனுக்கும் ஸ்டீன்ஸுக்கும் இடையே 2016இல் போட்ட சைக்கிள் பாதையின் தாரில் கலந்தார்கள். அது அபூர்வம். பெரும்பாலும் நாரின் கதை சாக்கடையோடு முடிகிறது.

என் தீர்ப்பு அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. நோட்டுப்புத்தகமும் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் மறுசுழற்சியில் திரும்பிவரும். கழிப்பறைத் தாள் திரும்பி வராது. மறுபிறவி இல்லாத ஒரு பொருளுக்காக, பல பத்தாண்டு வளர்ந்த வடகாட்டு மரத்தை வெட்டுவது நியாயமில்லை. 2019இல் என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கச் சூழல் அமைப்பு கனடாவின் காடுகளை முன்வைத்து இதைத்தான் கேட்டது. ஏற்கெனவே நான்கைந்து முறை உழைத்துக் களைத்த பழைய காகித நாருக்கு இதைவிடப் பொருத்தமான கடைசி வேலை இல்லை. அதில் மென்மை சற்றுக் குறையும், உண்மைதான். அந்தச் சிறு குறையைப் பொறுத்துக்கொள்வது பெரிய தியாகமல்ல.

தண்ணீர் நம் வழக்கம். அதை விட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. வெளிநாட்டிலோ விடுதியிலோ அலுவலகத்திலோ ரோல் வாங்கும் பொறுப்பு உங்களுடையது என்றால், உறையைத் திருப்பிப் படியுங்கள். மறுசுழற்சி நார் என்று எழுதியிருந்தால் எடுங்கள். பூவை விட்டுவிடுங்கள்.