மாறி

ஓர் ஆய்வில் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை அளவு வேறுபடக்கூடிய எதுவும் மாறி. வயது, தூக்கம், பதற்றம், மதிப்பெண் எல்லாம் மாறிகளே.

‘மாறு’ என்ற வினையோடு ‘இ’ விகுதி சேர்ந்த பெயர் இது. பனையேறி, மண்வெட்டி, ஏன், முடிச்சுமாறியும் இதே வகைதான். ‘ஜங்ஷன்ல பஸ் மாறி பேட்டைக்கு வா’ என்பதில் வரும் மாறி வேறு, அது வினையெச்சம். மாறாதது மாறிலி.

உளவியல் மாணவர் முதலில் தடுமாறுவது சாரா மாறி, சார்ந்த மாறி என்ற இணையில். பேட்டை ம.தி.தா. இந்துக் கல்லூரி மாணவர்களிடம் இருபது சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு அமைதியான அறை. மற்றதற்கு பஸ் ஹாரன் கேட்கும் ஜன்னலோரம். நாம் கூட்டிக் குறைக்கும் சத்தம் சாரா மாறி. நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி. ‘எதைச் சார்ந்தது?’ என்று கேட்டாலே குழப்பம் பாதி தீரும்.

மீதிப் பாதி புறமாறிகள், அதாவது நாம் ஆராயாவிட்டாலும் முடிவைப் பாதிக்கும் மாறிகள். ஜன்னலோரக் குழுவில் காலை சாப்பிடாமல் வந்தவர்கள் கூடுதலாக இருந்துவிட்டால், மறதிக்குக் காரணம் ஹாரனா பசியா? 1885-இல் நினைவாற்றல் பற்றிய நூலை வெளியிட்ட எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ததும் இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான்: பழகிய சொல்லின் பொருள் இடையில் புகுந்துவிடும். பசியை அப்படி விலக்க முடியாது. அதற்குத்தான் யார் எந்தக் குழு என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள்.