நீச்சல், சைக்கிள், ஓட்டம்: ட்ரையத்லான் வந்த கதை

நெருப்பெரிச்சலில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவன் ட்ரையத்லான் பழக ஆசைப்பட்டால் என்ன செய்வான்? சைக்கிள் ஓட்டச் சாலை இருக்கிறது. பனியன் கம்பெனி வேன்களும் லாரிகளும் கிளம்புவதற்கு முன் எழுந்துவிட்டால் போதும். ஓடுவதற்கும் அதே சாலைதான். போட்டுக்கொண்டு ஓடும் டி-ஷர்ட்டுக்கும் திருப்பூர்க்காரன் வெளியூர் போக வேண்டியதில்லை! ஆனால் ட்ரையத்லானில் முதலில் வருவது நீச்சல். அதற்கு எங்கே போவான்?

சின்னக் கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இரண்டு விஷயங்கள்தான் கண்ணில் படுகின்றன. ஒன்று, பக்கத்தில் தண்ணீர் இருந்ததா என்பது. இன்னொன்று, கூட யார் வந்தார்கள் என்பது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதில் சரிபாதி தூரம் வைத்து நடப்பது ஸ்பிரிண்ட். நடுவில் கடிகாரம் நிற்காது. தண்ணீரிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்து ஹெல்மெட் மாட்டுவது, சைக்கிளை நிறுத்திவிட்டு ஷூ போடுவது எல்லாமே நேரக் கணக்கில் சேரும். இந்த மாறும் நேரத்தை நாலாவது விளையாட்டு என்று கேலியாகச் சொல்வார்கள். அரை நிமிடம் ஷூ லேஸோடு மல்லுக்கட்டி மெடலைக் கோட்டைவிட்டவர்களைக் கேட்டால் அது கேலி இல்லை என்பார்கள்.

1920களிலேயே பிரான்சில் மூன்று விளையாட்டுகளைச் சேர்த்துப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய ட்ரையத்லானின் பிறந்தநாள் என்று எல்லோரும் சொல்வது 1974 செப்டம்பர் 25. இடம் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ள மிஷன் பே என்ற கடற்கழி. அந்த ஊர் ஓட்டக் கிளப்பைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹான் என்ற இருவர் வைத்த போட்டி அது. ஓடி ஓடிச் சலித்துப் போனவர்களுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தார்கள். புதன்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்தவர்கள் 46 பேர். பொழுது சாய்ந்துவிட்டதால் கடைசியாக நீந்தி வந்தவர்களுக்கு கார் ஹெட்லைட்டைப் போட்டு வெளிச்சம் காட்ட வேண்டியதாயிற்று. பரிசுப் பணம், டி.வி., விளம்பரம் எதுவும் கிடையாது. கிளப் நண்பர்கள் சேர்ந்து அடித்த கூத்து, அவ்வளவுதான்.

அந்த 46 பேரில் ஒருவர் ஜான் காலின்ஸ். அமெரிக்கக் கடற்படை அதிகாரி. பின்னால் ஹவாய்க்கு மாற்றலாகிப் போனார். அங்கே 1977இல் ஓர் ஓட்டப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் பேச்சு வளர்ந்தது. நீச்சல்காரனுக்கு உடம்பு உறுதியா, ஓட்டக்காரனுக்கா, சைக்கிள்காரனுக்கா? (நம் ஊர் டீக்கடையில் நடக்கும் வாதம் மாதிரியேதான்.) காலின்ஸ் ஒரு தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த நீச்சல் போட்டி, தீவைச் சுற்றும் சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான் மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து வைப்போம், முதலில் முடிப்பவனை இரும்பு மனிதன் என்று கூப்பிடுவோம் என்றார். அதுதான் அயர்ன்மேன். 3.86 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம்!

1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடிகளில் ஜெயித்தார். பெரும்பாலும் ஹாலரின் பெயரைத்தான் எழுதுவார்கள். ஆனால் அன்றைய நாளின் உண்மையான பாடம் இரண்டாவதாக வந்த ஜான் டன்பாரிடம் இருக்கிறது.

அந்தப் போட்டியில் வழியில் தண்ணீர் கொடுக்க ஏற்பாடு கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களைக் கூட்டிவர வேண்டும். அவர்கள்தான் வண்டியில் பின்னாலேயே வந்து சாப்பாடும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். மாரத்தான் தொடங்கும்போது டன்பார்தான் முன்னால். ஆனால் கூட வந்த நண்பர்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இருந்தது பியர். அதைக் கொடுத்தார்கள்! வெயிலில் பத்து மணி நேரம் வதங்கிய உடம்பில் பியர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஹாலர் தாண்டிப் போனார். டன்பார் முப்பது நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிப் போனார். தனிமனிதனின் உறுதியைக் காட்டும் விளையாட்டு என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிறார்கள். முதல் அயர்ன்மேனிலேயே ஒருவருடைய தோல்வியில் வண்டியில் கூட வந்தவர்களுக்கும் பங்கு இருந்தது.

அடுத்த திருப்பம் ஒரு கல்லூரி மாணவியால் வந்தது. ஜூலி மாஸ், 23 வயது. உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தார். பட்டப்படிப்பின் ஆய்வுக்காகத்தான் 1982 பிப்ரவரியில் அயர்ன்மேனுக்கே போனார். யாரும் எதிர்பார்க்காமல் பெண்களில் முதலிடத்தில் ஓடி வந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கடைசி சில அடிகளில் கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய்விட்டார். மாஸ் கையை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடிகள். அமெரிக்கா முழுக்க டி.வி.யில் இதைப் பார்த்தது. ஜெயித்தவரைவிடத் தோற்றவரின் முகம்தான் ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1989இல் பிரான்சின் அவிஞ்ஞோனில் சர்வதேசச் சங்கம் தொடங்கி உலகப் போட்டியும் நடந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ட்ரையத்லான் சேர்ந்தது. முதல் தங்கம் சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மஹோனுக்கு.

இதற்கிடையில் அமெரிக்கக் கல்லூரிகளில் இது மாணவர் கிளப்புகளாகப் பரவியது. இங்கேதான் விளையாட்டின் குணமே மாறியது. தேசியக் கல்லூரிப் போட்டியில் தனி மெடல் உண்டு, ஆனால் அணிக்கும் கோப்பை உண்டு. ஒரு கல்லூரியின் முன்னணி வீரர்கள் பிடித்த இடங்களைச் சேர்த்துப் பார்த்து அணியின் இடம் முடிவாகும். அப்படியானால் நட்சத்திர வீரன் ஒருவன் மட்டும் முதலில் வந்து பிரயோஜனம் இல்லை. நாற்பதாவதாக வருகிறவன் முப்பத்தைந்தாவதாக வந்தால் அதுவும் அணிக்கு லாபம். இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான் ராத்திரி முழுக்க வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பின்னால் சைக்கிள்களைக் கட்டி இழுத்துக்கொண்டு அடுத்த மாநிலம் போவதன் அர்த்தம் புரியும். 2014இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் ட்ரையத்லானை வளரும் விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் சேர்ந்த கலப்புத் தொடர் பந்தயமும் வந்துவிட்டது.

சரி, இந்தக் கல்லூரி அணிகள் எங்கே போய் நீந்தின? பல வருடம் அலபாமாவின் டஸ்கலூசாவில், பிளாக் வாரியர் ஆற்றில். 2013, 2014இல் அரிசோனாவின் டெம்பி நகர ஏரியில். டெம்பி கதை திருப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. அது பாலைவன ஊர். மேலே அணைகள் கட்டியதால் அங்கே ஓடிய சால்ட் ஆறு வறண்டு வெறும் மணலாகக் கிடந்தது. அந்த ஆற்றுப் படுகையிலேயே ரப்பர் தடுப்பணை போட்டுத் தண்ணீர் நிரப்பி 1999இல் ஏரியாக்கினார்கள். அப்புறம்தான் அங்கே கல்லூரி வேன்கள் வந்து நின்றன.

பாரிஸ் இன்னொரு உதாரணம். சேன் நதியில் குளிக்க 1923 முதல் தடை. 2024 ஒலிம்பிக்குக்காக சுமார் 140 கோடி யூரோ செலவழித்துச் சுத்தம் செய்தார்கள். அப்படியும் மழை பெய்து கழிவு கலந்ததால் நீச்சல் பயிற்சியை ரத்து செய்து, ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் போட்டியை மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 2025 ஜூலையில் பொதுமக்களே சேனில் இறங்கிக் குளித்தார்கள்.

இப்போது நொய்யலுக்கு வரலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் சேரும் ஆறு. பனியன் தொழில் வளர வளர சாயக் கழிவு அதில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் சென்னிமலை அருகே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமானது. கீழே இருந்த விவசாயிகள் வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. சாயம் போட்டுச் சோறு தின்ற குடும்பங்கள் தவித்தன. அதுவும் உண்மை. கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகுதான் பட்டறைகள் திறந்தன. அதே 2011இல்தான் நெருப்பெரிச்சலும் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது.

ஆறு இல்லாவிட்டால் குளம்? திருப்பூருக்கு வடக்கே நஞ்சராயன் குளம் இருக்கிறது. அது பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே கூட்டமாக இறங்கி நீந்துவது சரியல்ல, பறவைகளுக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

மிச்சம் இருப்பது கிணறு. கொங்கு நாட்டுப் பையன்கள் காலம்காலமாக நீச்சல் பழகியது அதில்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மாமனோ பெரியப்பனோ மேலேயிருந்து தள்ளிவிட, தண்ணீரைக் குடித்தபடி கற்றுக்கொண்ட நீச்சல். பயம் போக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் பத்து மீட்டர் அகலக் கிணற்றில் 1.5 கிலோமீட்டர் நீந்த 75 தடவை போய்த் திரும்ப வேண்டும்! நேராக வெகுதூரம் நீந்துவதும், கரையைப் பார்த்துத் திசை பிடிப்பதும், அலையைச் சமாளிப்பதும் கிணற்றில் வராது.

கொங்கு மண்ணுக்கு நீச்சல் வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994இல், சின்னப் பையனாக, ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து மிஹிர் சென்னின் 1966ஆம் வருடச் சாதனையை முறியடித்தவர். அவரும் கடலுக்குப் போய்த்தான் நீந்த வேண்டியிருந்தது.

இந்தியாவில் ட்ரையத்லான் மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது. 2016 குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியர்கள் இதில் தங்கம் வாங்கினார்கள். 2019 அக்டோபரில் கோவாவின் மிராமர் கடற்கரையில் நாட்டின் முதல் அரை அயர்ன்மேன் நடந்தது. மணிப்பூர்க்காரரான பிஸ்வர்ஜித் சிங் ஜெயித்தார். அவர் ஊரிலும் கடல் கிடையாது.

ஆகவே திருப்பூரிலிருந்து ஒரு கல்லூரி அணி கிளம்பினால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கிளம்புவது நல்லது. சைக்கிள்களை ரயிலின் லக்கேஜ் வேனில் போட்டுவிட்டு, ரசீதைப் பொறுப்பானவன் ஒருவனிடம் கொடுத்துவிட வேண்டும். போய் இறங்கியதும் முதல் வேலை எல்லோருமாகக் கடலில் இறங்குவது. கிணற்றில் பழகியவன் முதல் அலையில் மிரளுவான். பக்கத்தில் நீந்த ஒருவன் இருக்க வேண்டும். கரையில் பையைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவன் வேண்டும். அந்தப் பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று டன்பாரை நினைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.