டொலர் முடிவுக்குறி

சிபி/எம், எம்எஸ்-டொஸ் ஆகிய பழைய பணிசெயல் முறைமைகளில் ஓர் எழுத்துச்சரம் எங்கே முடிகிறது என்று காட்டும் குறி; குறியீட்டெண் 36. அசெம்பிளி மொழி நிரல் திரையில் தாறுமாறாக எழுதினால் முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம்மில், சி பதிவகத்தில் பணியெண் 9ஐயும் டிஇ இணையில் சரத்தின் முகவரியையும் வைத்து 5ஆம் முகவரியை அழைத்தால், டொலர் வரும்வரை எழுத்துகள் அச்சாகும். 8086 சில்லுக்காக டிம் பாட்டர்சன் 1980இல் எழுதிய 86-டொஸ் இவ்வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுவருடம் மைக்ரோசொப்ட் அதை வாங்க, குறியும் எம்எஸ்-டொஸுக்கு வந்து சேர்ந்தது. இப்போது டொஸ்பொக்ஸ் போன்ற எமுலேட்டர்களில் பழகுவோரும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறைப் படகுகளுக்கு ஓர் அறிவிப்புப் பலகை நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நெடுந்தீவு, நயினாதீவு என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதற்பெயரின் டொலர் விடுபட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தீவாகும். கடைசிப் பெயரில் விடுபட்டால் அதற்கப்பால் கிடக்கும் பைட்டுகளெல்லாம் எழுத்தாகக் கொட்டும்: சிரித்த முகம், இதயம், கட்டக்கோடு, நடுவில் 7 வந்தால் ஒரு 'பீப்' சத்தம். டொலர் இருந்தும் குப்பை வந்தால் முகவரியைப் பார்க்கவேண்டும். டொஸின் கொம் கோப்பு 256ஆம் இடத்தில் ஏற்றப்படுகிறது. அதை அசெம்பிளருக்குச் சொல்லாவிட்டால் எல்லா முகவரியும் 256 பிசகும்.

புதுவரிக்கு 13 (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பல்), 10 (அடுத்த வரிக்கு இறங்கல்) என்ற குறியீட்டெண்கள் இரண்டும் வேண்டும். 10 மட்டும் இருந்தால் பெயர்கள் படிக்கட்டாக இறங்கும். 13 மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நயினாதீவின் ஒன்பது ஆங்கில எழுத்துகள் மேல், அடுத்து வரும் ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கேய்ட்ஸின் ஐந்தெழுத்து ஏறி, 'கேய்ட்ஸ்தீவு' என்று வரைபடத்தில் இல்லாத தீவொன்று முளைக்கும்.

இந்தப் பிழைகளைத் திரையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்க முயல்வது வீண்வேலை. டொஸில் டீபக், சிபி/எம்மில் டிடிடி என்ற பிழைநீக்கிகள் உண்டு; இரண்டிலும் டி கட்டளை நினைவகத்தைப் பைட் பைட்டாகக் காட்டும். 36ஐயும் 13ஐயும் அங்கே பதினாறும எண்களாக (24, 0D) நேரில் காணலாம். டொஸ் 9ஆம் பணியை முடிக்கும்போது ஏஎல் பதிவகத்தில் 36ஐ விட்டுச்செல்லும். அங்கே எண்ணிக்கை வைத்திருந்தவர் தன் கணக்கைத் தானே சந்தேகிப்பார்.

தமிழில் எழுதினால் சிக்கல் வேறு. யுனிகோடு யுடிஎஃப்-8இல் நெடுந்தீவு 30 பைட். டொஸின் 437ஆம் குறிப்பக்கம் அதை 30 கட்டங்களாக விரிக்கும். மூன்றுக்கொன்று கிரேக்க ஆல்ஃபா. பார்க்க அலங்கோலமானாலும் இடையில் 36 வராததால் சரம் முழுதாக அச்சாகும். இலங்கையில் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில் அந்த நிம்மதியும் இல்லை. அதில் 'கூ' அமர்ந்திருப்பது டொலர் விசையில். பாமினியில் தட்டிய 'கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்' என்ற தலைப்பு 'கடற்றொழிலாளர்' என்பதோடு நின்றுவிடும். நிரலில் எந்தப் பிழையும் இராது.

அத்தகைய சரங்களுக்கு 9ஆம் பணி உதவாது. 1983இல் வந்த டொஸ் 2.0இன் 64ஆம் பணிக்கு முடிவுக்குறி தேவையில்லை. பைட் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும். சிபி/எம் 3இல் 110ஆம் பணியால் டொலருக்குப் பதில் வேறு குறியை வைக்கலாம். சிபி/எம் 2.2 வைத்திருப்போர் 2ஆம் பணியைச் சுழற்சியில் அழைத்து ஒவ்வோர் எழுத்தாகத்தான் அச்சிடவேண்டும்.