இரு ஊர்களும் ஒரு கைகுலுக்கலும்

ஐரோப்பியச் சிற்றூர்களின் நுழைவாயிலில் ஊர்ப்பெயருக்குக் கீழே வேறு நாட்டு ஊர்களின் பெயர்களையும் எழுதி வைத்திருப்பார்கள். நட்பூர்களின் பட்டியல் அது. பிரெஞ்சுக்காரர்கள் இவ்வுறவை இரட்டைப் பிறப்பு என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். ஜெர்மானியர்கள் அதைக் கூட்டாண்மை என்கிறார்கள். ஒரு மொழி இரத்த உறவாகக் கண்டதை மற்றொரு மொழி ஒப்பந்தமாகக் கண்டிருக்கிறது. இன்று பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே இத்தகைய இணைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவற்றுள் முதலாவதாகக் கருதப்படுவது 1950இல் மோன்பெலியாரும் லுட்விக்ஸ்பர்க்கும் கொண்ட உறவு.

1950 என்னும் ஆண்டைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். மோன்பெலியாரை ஒட்டிய சொஷோவில் பெஜோ மோட்டார் ஆலை இருக்கிறது. ஜெர்மானியப் படைக்காக உழைக்கும்படி ஆக்கப்பட்ட அந்த ஆலையைக் குறிவைத்து 1943 ஜூலையில் பிரித்தானிய விமானங்கள் குண்டு வீசின. குண்டுகள் குடியிருப்புகள் மீதும் விழுந்து பொதுமக்கள் பலர் மாண்டனர். மறுபுறம், லுட்விக்ஸ்பர்க் படைவீடுகள் நிறைந்த ஊர். போர்க்காலத்தில் அங்கிருந்த கைதி முகாமில் அடைக்கப்பட்டவர்களுள் பிரெஞ்சு வீரர்களும் இருந்தனர். ஆகவே ஓர் ஊரின் பெயர் மற்ற ஊரில் இனிமையாக ஒலித்திருக்க நியாயமில்லை.

மோன்பெலியாரின் அன்றைய மேயர் லூசியன் தராதேன். ஆக்கிரமிப்பை எதிர்த்த இரகசிய இயக்கத்தில் இருந்தவர். பிடிபட்டு பூஹன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு மீண்டவர். அவர்தான் லுட்விக்ஸ்பர்க் மேயர் எல்மார் டோக்கின் கையைப் பற்றினார். இதை மன்னிப்பு என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. மன்னிப்பதென்றால் மற்றவர்களின் சார்பிலும் மன்னிக்க வேண்டியிருக்கும். முகாமிலிருந்து திரும்பாதவர்களுக்காக அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. தராதேன் செய்தது வேறு. இனி வரும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளரக் கூடாது என்று ஒரு நகராட்சித் தலைவரின் அதிகார எல்லைக்குள் நின்று முடிவெடுத்தார் என்றே நான் கருதுகிறேன்.

ஏன் இந்த இரண்டு ஊர்கள்? வரலாறு இங்கே ஒரு பழைய கதவைத் திறந்து காட்டுகிறது. 1397இல் மோன்பெலியாரின் வாரிசான சிறுமி ஹென்றியெட், வூர்ட்டெம்பெர்க் அரசகுலத்து எபர்ஹார்டுக்கு நிச்சயிக்கப்பட்டாள். அந்தத் திருமணத்தால் ஊர் வூர்ட்டெம்பெர்க் வசமாயிற்று. 1793இல் புரட்சிப் பிரான்சு அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மொம்பெல்கார்ட் என்ற ஜெர்மானியப் பெயரும் அதற்கு வழங்கிற்று. மக்கள் பேசியதோ பிரெஞ்சு. சமயம் லூதரின் சமயம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த புனித மார்ட்டின் ஆலயத்தைக் கட்டியவர் வூர்ட்டெம்பெர்க்கின் சிற்பி ஹைன்ரிச் ஷிக்கார்ட். லுட்விக்ஸ்பர்க்கோ இந்த உறவு தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1704இல் அடிக்கல் நாட்டப்பட்ட அரண்மனையைச் சுற்றி வளர்ந்த ஊர். அதே வூர்ட்டெம்பெர்க் குலத்தின் ஆசையில் பிறந்தது.

இந்த உறவின் அழகான சாட்சி ஜார்ஜ் குவியே. அழிந்துபோன விலங்கினங்களை எலும்புகளிலிருந்து படித்துக் காட்டிய அந்த அறிஞரைப் பிரான்சின் பெருமையாகவே நாம் அறிவோம். அவர் 1769இல் மோன்பெலியாரில் பிறந்தபோது வூர்ட்டெம்பெர்க் கோமகனின் குடிமகன். படித்தது ஸ்டுட்கார்ட்டில், கோமகன் கார்ல் ஆய்கன் நிறுவிய கல்விக்கூடத்தில். அவருக்குச் சில ஆண்டுகள் முன் அதே கூடத்தின் கெடுபிடியில் குமைந்தவர் கவிஞர் ஷில்லர். சிறுவயதில் லுட்விக்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1871 ஜனவரியில் இதே மோன்பெலியாரின் புறத்தே பிரெஞ்சு, ஜெர்மானியப் படைகள் பனியில் பொருதின. அதன்பின் இப்பழைய உறவு இரு தரப்புத் தேசியவாதிகளுக்கும் சங்கடமான செய்தியாகிவிட்டிருக்க வேண்டும்.

1948லேயே லுட்விக்ஸ்பர்க்கில் பிரெஞ்சு-ஜெர்மன் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடர் ஹாய்ஸும், கார்லோ ஷ்மிடும் அதன் நிறுவனர்களுள் அடங்குவர். ஷ்மிட் பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்தவர், போதலேரை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். அரசியல்வாதி கவிதை மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த காலம் அது, பொறாமையோடுதான் குறிப்பிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் பாடகர் குழுக்களும் விளையாட்டுச் சங்கங்களும் எல்லை கடந்து போய், முன்பின் அறியாத வீடுகளில் தங்குவதே இத்தகைய நட்புகளின் அன்றாடம். தலைவர்களின் உரைகளைவிட அந்த வீடுகளின் சாப்பாட்டு மேசைகளே முக்கியமானவை என்பது என் எண்ணம்.

உரையும் வந்தது. 1962 செப்டம்பர் 9 அன்று லுட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்தில் டி கால் ஜெர்மானிய இளைஞர்களிடம் அவர்களுடைய மொழியிலேயே, மனப்பாடம் செய்து, பேசினார். 1963 ஜனவரியில் எலிசே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டில் இரு நாட்டு இளைஞர் பரிமாற்றத்துக்கான அமைப்பும் பிறந்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கதையைத் தொடங்குகின்றன. இரண்டு நகராட்சிகள் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்த பாதையில் அரசுகள் பின்னால் வந்து சேர்ந்தன என்பதே சரியான வரிசை.

நட்பு மறதியைக் கோரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாஜிக் குற்றங்களை விசாரிப்பதற்கான மேற்கு ஜெர்மனியின் மைய அலுவலகம் 1958இல் திறக்கப்பட்டது இதே லுட்விக்ஸ்பர்க்கில்தான்.

1965இல் மோன்பெலியார் ஆந்த்ரே புலோஷை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அவரும் எதிர்ப்பியக்கத்தவர்; ஆஷ்விட்சுக்கும் பின்னர் ஃப்ளோசன்பூர்க் முகாமுக்கும் அனுப்பப்பட்டுத் தப்பியவர். தாய், தந்தை, சகோதரர் மூவரையும் ஜெர்மானிய முகாம்களில் இழந்தவர். அப்படிப்பட்டவரே பதின்மூன்று ஆண்டுகள், லுட்விக்ஸ்பர்க்கின் நட்பூருக்குத் தலைவராக இருந்தார். 1978 மார்ச்சில் ஒரு சிறு விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். விமானம் விழுந்த இடம் ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதி.