தேடலும் தெளிதலும்: இணையக் காலத்தில் தமிழாசிரியர்

கற்பிப்பதற்கு முன்னர்த் தேடிக் கண்டடைதல் ஆசிரியரின் முதற்கடமையாக இருந்து வந்துள்ளது. சுவடிக் காலத்தில் அத்தேடல் ஊர்ஊராக நடந்தது. அச்சுக் காலத்தில் நூலக அடுக்குகளில் நடந்தது. இன்று கணினித் திரையில் நடைபெறுகின்றது. கருவி மாறிய போதெல்லாம் ஆசிரியர் மீண்டும் மாணவராக வேண்டியிருந்தது. அம்மாற்றத்தின் வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு.

சுவடியும் செய்தித்தாளும்

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். கிடைத்த முதற்சுவடியே போதுமென்று அவர் அமைதி கொள்ளவில்லை. பல சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளை ஆராய்ந்து முடிவு கண்டார். அதே 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். இலக்கியம் நூலாகவும், மக்கள் வாழ்வு செய்தித்தாளாகவும் அச்சேறிய காலம் அது. பிற்காலத்து ஆசிரியர் தேட வேண்டிய செல்வங்கள் இவ்வாறு பெருகின.

எழுத்துக்கு வந்த இடையூறு

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினி வலையமைப்பு உலகைப் பிணைத்தது. சிங்கப்பூரின் தமிழ் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அதில் தமிழை ஏற்றும் பணியில் முன்னின்றார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் இடம்பெற்றபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாகத் திகழ்ந்தது. 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியதும் அவருடைய முயற்சியின் விளைவே. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அந்நாளில் தேடுவோருக்குப் பெரியதோர் இடையூறு இருந்தது. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கும். ஒவ்வோர் எழுத்துருவை அமைத்தவரும் தமிழ் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் வகுத்தனர். ஆதலின் ஒரு தளத்தில் ‘அகரம்’ எனப் படிக்கப்பட்ட சொல், மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. படிக்கவே இயலாததைத் தேடுவது எங்ஙனம்? 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் உழைத்து உள்ளிட்ட இலக்கியங்களும் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட வேண்டியிருந்தன. 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்த அந்த ஒருங்குறி முறை படிப்படியாக வழக்கில் ஊன்றிய பின்னரே, தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே எழுதித் தேடுதல் எளிதாயிற்று.

இலக்கணமே திறவுகோல்

1997ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, தகவல் தொழில்நுட்பத்துக்கான முதற்பெருந்திட்டத்தை அறிவித்தது. பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினி வழியே அமைய வேண்டுமென்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. வகுப்பறைக்குக் கணினி வந்தது. ஆயினும் கருவி கைவந்த அளவிலே தேடும் திறனும் கைவந்துவிடாது.

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்றும் புணர்ந்தும் வடிவம் மாறும் இயல்புடையது. ‘தோட்டம்’ என்ற சொல் ‘தோட்டத்தில்’ என்றும் ‘தோட்டப்புறம்’ என்றும் வரும். எழுத்துகளை உள்ளவாறே பொருத்திக் காட்டும் மின்தொகுப்பில் ‘தோட்டம்’ என்று மட்டும் தேடுபவர், தோட்டப்புற மக்களைப் பற்றிய செய்திகள் பலவற்றை இழப்பார். ‘மலாயா’ என்று தேடுபவருக்கு ‘மலேயா’ என எழுதியோரின் கட்டுரைகள் கிட்டா. பழைய அச்சில் ரகரமும் காலும் ஒன்றுபோல் காணப்படுதலால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பொறியும் தடுமாறும். ஆகவே சொல்லின் அடியையும், அதன் திரிபுகளையும், எழுத்து வழக்கின் வரலாற்றையும் அறிந்தவரே நன்கு தேடவல்லவர். இவ்வறிவு தமிழாசிரியரிடம் முன்பே உள்ளது. அதனைப் புதிய கருவியோடு இணைத்தலே அவர் பெற வேண்டிய பயிற்சி.

முதல் விடையும் முடிந்த விடையும்

‘சிங்கப்பூரின் முதல் தமிழ் இதழ் எது?’ என்னும் வினாவை மாணவரிடம் விடுத்தால், ஒருவர் 1875ஆம் ஆண்டின் ‘சிங்கை வர்த்தமானி’ என்பார். மற்றொருவர் 1887ஆம் ஆண்டின் ‘சிங்கை நேசன்’ என்பார். இருவரும் திரையில் கண்டதையே கூறுகின்றனர். ஆசிரியரின் பணி இங்கேதான் தொடங்குகின்றது. முன்னது பற்றிப் பிற்கால நூல்கள் பல குறிப்பிடுகின்றன. பின்னதன் இதழ்களோ இன்றும் காணத்தக்கனவாய் உள்ளன. வெளிவந்ததாகச் சொல்லப்படுவது வேறு. கையில் கிடைத்துள்ள சான்று வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் வரலாற்றின் முதற்பாடத்தைக் கற்றவராவார். எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதைக் கண்டு எழுதினார் என்ற மூன்று வினாக்களும் அவர்க்கு என்றும் துணைநிற்கும்.

வினாவுக்கு விடையையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் இத்தெளிவு மேலும் இன்றியமையாததாகின்றது. ஒருவர் செய்த பிழையைப் பலர் படியெடுத்தால், அது மெய்போல் நிலைபெற்றுவிடும். எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்தின் வரலாற்றில் அத்தகைய பிழையைத் திருத்துவோரும் சிலரே. சுவடிகளை ஒப்புநோக்கிய அறிஞரின் பொறுமை திரையின் முன்னும் வேண்டப்படுகின்றது. அதனை மாணவர் நெஞ்சில் விதைப்பது தமிழாசிரியரின் நீங்காக் கடனாகும்.