பிரித்தும் சேர்த்தும்: ஏட்டிலிருந்து நிரல் வரை ஒரு சொல்லின் வரலாறு

கெங்கவல்லி என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள்? தமிழ் படிக்கத் தொடங்கிய குழந்தை விரல் விட்டு எண்ணி 6 என்று சொல்லிவிடும்: கெ, ங், க, வ, ல், லி. ஒருங்குறியில் தட்டெழுதிய அதே பெயரைப் பைத்தான் மொழியின் நீளம் அளக்கும் கட்டளையிடம் கொடுத்தால் 10 என்று விடை வருகிறது. அதையே யுடிஎஃப்-8 வடிவில் சேமித்து, சி மொழியின் பழைய கட்டளையால் அளந்தால் 30. குழந்தை எழுத்தை எண்ணுகிறது. பைத்தான் எகரக்குறியையும் இகரக்குறியையும் இரண்டு புள்ளிகளையும் தனித்தனி உருப்படிகளாக எண்ணுகிறது. சி மொழி சேமிப்பில் அடைத்துக்கொண்ட பைட்டுகளை எண்ணுகிறது. மூன்றும் அவரவர் கணக்கில் சரியே. ஆனால் எழுத்து என்பது எது, சொல் என்பது எது என்ற கேள்விக்கு முன்கூட்டியே ஒரு விடையை வைத்துக்கொள்ளாமல் எந்தக் கருவியாலும் எண்ண முடியாது என்பதை இந்த ஒரு பெயரே நமக்குக் காட்டிவிடுகிறது.

நிரலாக்கத்தில் எழுத்துகளின் தொடரைச் 'சரம்' என்பார்கள். சரத்தை அளப்பது, வெட்டுவது, ஒட்டுவது, சொற்களாகப் பிரிப்பது, அகரவரிசைப்படுத்துவது, வரிக்குள் அடக்குவது ஆகிய சில்லறை வேலைகளுக்கென்று ஒவ்வொரு கணினி மொழியிலும் சிறு செயற்கூறுகள் உண்டு. இவை சமையலறைக் கரண்டிகளைப் போல. யாரும் இவற்றின் வரலாற்றை எழுதுவதில்லை. ஆயினும் இதே வேலைகளைத் தமிழில் முன்பு யார் செய்தார்கள் என்று பின்னோக்கிப் போனால், நம் இலக்கிய வரலாற்றின் முக்கியமான இடங்கள் சிலவற்றில் போய் நிற்கிறோம்.

சேலம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், ஆத்தூருக்குத் தெற்கே உள்ள கெங்கவல்லியையே நாம் துணைக்கு வைத்துக்கொள்வோம். இவ்வூரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்படுகிறது: கெங்கவல்லி, கங்கவல்லி. கங்கை பேச்சில் கெங்கை ஆகிறது. கடிகாரம் கெடிகாரமாகவும், பலம் பெலமாகவும், ரத்தம் ரெத்தமாகவும் ஒலிக்கின்றன. அதிரும் ஒலியில் தொடங்கும் கடன்சொற்களில் முதல் அகரம் எகரத்தின் பக்கம் சாய்வது தமிழ்ப் பேச்சின் இயல்பு. நம் எழுத்தில் அந்த அதிர்வைக் காட்டத் தனிக்குறி கிடையாது. பெயரின் முதலில் வந்து நிற்கும் ஒற்றைக் கொம்புதான் அந்த ஒலியின் தடயம். மனிதருக்கு இரண்டும் ஓர் ஊர். தேடுபொறிக்கு, யாரேனும் சொல்லிக்கொடுத்தாலன்றி, இரண்டு ஊர்கள்.

கணினியின் சரக் கருவிகள் ஆங்கிலத்தைச் சூழ்ந்து வளர்ந்தவை. கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலின் முதல் அத்தியாயத்திலேயே சொற்களை எண்ணும் சிறு நிரல் ஒன்று உண்டு. இடைவெளிகளுக்கு நடுவே இருப்பது சொல் என்பதே அதன் இலக்கணம். அந்த இலக்கணம் ஐரோப்பாவுக்கும் பழையதன்று. பண்டைய இலத்தீன் ஏடுகள் பல இடைவெளியின்றித் தொடராக எழுதப்பட்டவை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் துறவிகள், தமக்குத் தாய்மொழியல்லாத இலத்தீனைப் படிப்பதற்காகச் சொற்களுக்கு இடையே வெளி விட்டு எழுதும் வழக்கத்தை நிலைபெறச் செய்தார்கள். இடைவெளி என்பதே ஒரு காலத்தில் படிப்பவருக்குச் செய்த உதவிதான்.

தமிழ் ஓலைச்சுவடியில் அந்த உதவி இல்லை. சொற்களுக்கிடையே வெளி இல்லை; புள்ளியும் பெரும்பாலும் இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதாலும், படிப்பவர் அறிவார் என்ற நம்பிக்கையாலும் எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். எகரக் குறிலும் ஏகார நெடிலும் ஒரே கொம்பைப் பெற்றன. ரகரமும் கால் எழுத்தும் ஒரே உருவில் நின்றன. நம் ஊர்ப்பெயர் ஓலையில் 'கெஙகவலலி' என்று நிற்கும்; முதலெழுத்து குறிலா நெடிலா, எந்த எழுத்துக்குப் புள்ளி என்பதையெல்லாம் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். செய்யுளாக இருந்தால் யாப்பு கை கொடுக்கும். ஊர்ப்பெயருக்கு ஊரை அறிந்தவர் வேண்டும். பிரிக்கும் கருவி மனிதரின் நினைவில் இருந்தது. குருவிடம் பாடம் கேட்டவர் போய்விட்டால் கருவியும் போய்விடும்.

அச்சு வந்தபின் இந்த வேலை மெல்ல நினைவிலிருந்து தாளுக்கு இறங்கியது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினெட்டாம் நூற்றாண்டில் குறில் கொம்பையும் நெடில் கொம்பையும் வேறுபடுத்திக் காட்டும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. 1732இல் அவர் தொகுத்த 'சதுரகராதி', நிகண்டுகளைப் போலச் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டாத ஒரு சொல்தொகையைத் தந்தது. அகரவரிசை தெரிந்த எவரும் சொல்லைத் தேடி எடுக்கலாம். நினைவாற்றல் இல்லாதவருக்கும் மொழி திறந்துகொண்ட தருணங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் பழந்தமிழின் பெரும்பகுதி அப்போதும் ஓலையிலேயே கிடந்தது. இங்கேதான் சேலத்துக்காரர் ஒருவர் வருகிறார். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியார், அவ்வூர்க் கல்லூரியின் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கியவரிடம் 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என்று வினவியதும், பிரதியொன்றைத் தந்து படிக்கத் தூண்டியதும் இலக்கிய வாசகர் அனைவரும் அறிந்த கதை. 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் வேலையை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வது, புள்ளியிடுவது, மூலத்தையும் உரையையும் பிரிப்பது, உரைக்குள் புதைந்திருக்கும் மேற்கோளை இனங்காண்பது, சொல் எங்கே முடிகிறது என்று தீர்மானிப்பது. இன்றைய நிரலாளர் பிரித்தல், ஒப்பிடல், திருத்தல் என்று மூன்று கட்டளைகளில் அழைக்கும் செயல்களுக்கு ஐயர் தம் கண்ணொளியைக் கொடுத்தார்.

செய்யுளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டின் அலகு சீர், சொல்லன்று. 'கெங்கவல்லி' என்பதை அலகிட்டால் நேர் நிரை நேர், கூவிளங்காய். வெண்பாவில் ஒரு சீராக அழகாக நிற்கும். 'கெங்கவல்லிக்கு' என்றால் நான்கு அசைகள் ஆகிவிடும், வெண்பா ஏற்காது. எனவே 'கெங்கவல் லிக்கு' என்று இரண்டு சீர்களாக வெட்ட வேண்டும். சொல்லின் நடுவே விழும் இந்த வெட்டுக்கு இலக்கணம் 'வகையுளி' என்று பெயரே வைத்திருக்கிறது. ஓசைக்கு இது முறை. தேடுவோர்க்கு இது தடை. சீர் பிரித்து அச்சிட்ட நூலைக் கணினியில் ஏற்றி ஊர்ப்பெயரைத் தேடினால் கிடைக்காது. இடைவெளி ஊரை இரண்டாக்கியிருக்கும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, மலிவு விலையில் பழம் இலக்கியங்களை வெளியிட்டபோது, ஓசையைச் சற்று விட்டுக்கொடுத்துச் சொல்லைக் காப்பாற்றினார். அது ஒரு தேர்வு. இரண்டு பதிப்பு முறைகளும் நமக்கு வேண்டும்.

கணினிக் காலம் இந்தத் தேர்வுகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து கேட்டது. 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்ற நிலை. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க அவரது எழுத்துருவும் வேண்டும். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் மின்மடல்வழி விவாதித்துத் 'திஸ்கி'யை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு 'டாப்', 'டாம்' குறியேற்றங்களை முன்வைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் திஸ்கியிலும் பிறகு ஒருங்குறியிலும் நூல்களை ஏற்றியது. இடையே நடந்த மாற்றம் எளிதன்று. திஸ்கி கண் பார்க்கும் வரிசையில் சேமிக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறி உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கும்: ககரம் முதலில், கொம்பு பின்னால். ஒவ்வொரு 'கெ'யிலும் இரண்டையும் இடம் மாற்றாமல் ஒரு நூலும் அக்கரை சேராது.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988இல் வகுத்த 'இஸ்கி'யின் அச்சில் வார்க்கப்பட்டது. அதனால் நேர்ந்தவை பல. கெங்கவல்லிக்கு அருகேயுள்ள கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தை, ஒகரக்குறி ஒன்றாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்று. நேருக்கு நேர் ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. ஒருங்குறி அமைப்பு இவற்றைச் சமமென அறிவித்து, ஒன்றாக்கும் வழியையும் தந்திருக்கிறது. அதை அழைப்பது நிரலாளரின் கடமை. ஓலையில் ஓர் உருவத்துக்கு இரண்டு வாசிப்புகள் இருந்தன. இங்கே ஒரு வாசிப்புக்கு இரண்டு உள்ளுருவங்கள். பழைய மயக்கம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது.

வரிசைப்படுத்தலிலும் இதே கதைதான். குறியெண்களை மட்டும் நம்பி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரம் வந்துவிடும். 'வானம்' முந்தும், 'வாழை' பிந்தும். நம் நெடுங்கணக்கில் ழகரம் முன்னது, னகரம் கடைசி. சதுரகராதி திறந்துவிட்ட கதவு அறியாத கருவியால் மீண்டும் சாத்திக்கொள்கிறது. வெட்டுவதில் ஆபத்து இன்னும் நுட்பமானது. படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 9 உருப்படிகளே இடமென்று யாரோ தீர்மானித்திருந்தால், கெங்கவல்லி 'கெங்கவல்ல' ஆகிவிடும். உடைந்த குறியோ கேள்விக்குறியோ இல்லை; பார்க்க நல்ல தமிழ்ச்சொல் போலவே இருக்கும். அதனாலேயே யாரும் திருத்தமாட்டார்கள், ஆவணத்தில் தங்கிவிடும்.

ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரின் முன் ஓர் உருபைச் சேர்த்தால் பெயர் மாறுவதில்லை. அச்சடித்த வாக்கியத்தின் வெற்றிடத்தில் பெயரைச் செருகினால் போதும். தமிழில் கெங்கவல்லியில், சேலத்தில், நாமக்கல்லில், ஆத்தூரில் என்று ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக உருபை ஏற்கும். ஒன்றில் யகரம் புகுகிறது. ஒன்றில் மகரம் கெட்டு அத்துச் சாரியை வருகிறது. ஒன்றில் ஒற்று இரட்டிக்கிறது. இதற்கு வழி தெரியாத படிவங்கள் 'சேலம்-இல்' என்று இடைக்கோடிட்டு ஒதுங்கிவிடுகின்றன.

வழி தெரியாமல் இல்லை. சொற்கள் புணரும்போது நிகழும் மாற்றங்களைத் தொல்காப்பியம் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்றாக வகுத்தது. நன்னூல் அவற்றையே திரிதல், தோன்றல், கெடுதல் என்றது. 1965இல் சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஸ்டெய்ன் இரண்டு சரங்களுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்க எடுத்துக்கொண்ட செயல்களும் மூன்று: மாற்றுதல், செருகுதல், நீக்குதல். கணினியியலை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. எழுத்துத்தொடரைக் கூர்ந்து நோக்கிய இருவர், வேறு வேறு நோக்கங்களுக்காக, ஒரே வகைப்பாட்டை வந்தடைந்தார்கள் என்பதே செய்தி. ஒரு வேறுபாடும் உண்டு. கங்கவல்லி கெங்கவல்லி ஆவதை எழுத்தை அலகாகக் கொண்டால் திரிதல் என்போம். ஒருங்குறி உருப்படியை அலகாகக் கொண்டால் அது ஒரு செருகல். அலகு மாறினால் நிகழ்ந்தது என்ன என்பதன் பெயரே மாறிவிடுகிறது.

அலகைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்துகொண்டே இருக்கின்றன. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ்-16' முறையையும் ஏற்றது. இணையம் ஒருங்குறியின் வழியிலேயே சென்றது. 2014இல் அறிமுகமான ஸ்விஃப்ட் மொழி, பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதையே அலகாகக் கொண்டு கெங்கவல்லிக்கு 6 என்று சரியாக விடை சொல்கிறது. எழில் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர் பலர் பங்களித்த 'ஓப்பன்-தமிழ்' நிரற்தொகுப்பு, பைத்தானில் தமிழ்ச் சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும் திருப்பவும் தமிழ் முறையில் அடுக்கவும் வழிசெய்கிறது. வினோத் ராஜனின் 'அவலோகிதம்' செய்யுளை அசையும் சீரும் தளையுமாக அலகிட்டுக் காட்டுகிறது. இவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கருவியும் அதை அழைப்பவர் இருந்தால்தான் வேலை செய்யும்.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன? நாம் நாள்தோறும் தேடும் மின்னூலகங்களில், 'இல்லை' என்று வரும் விடைகளில் பல உண்மையில் 'பிரிக்கத் தெரியவில்லை' என்பதாக இருக்கலாம். இருக்கும் பாடல் இல்லாததாகிவிடும். ஏடு செல்லரித்து அழிவது கண்ணுக்குத் தெரியும், இவ்வழிவு தெரியாது. ஓலைக் காலத்தில் இப்பொறுப்பைப் பாடம் கேட்டவர் சுமந்தார். அச்சுக் காலத்தில் பதிப்பாசிரியர் சுமந்தார். இன்று பெயர் தெரியாத ஒரு நிரலாளர், தாம் பதிப்பாசிரியர் என்பதை அறியாமலே, சுமந்துகொண்டிருக்கிறார். அவர் மேசையில் நன்னூலின் எழுத்ததிகாரம் ஒரு பிரதி இருக்க வேண்டும். தமிழ் படித்தவர்கள் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு முன்சீபின் கேள்வி ஒரு தமிழாசிரியரைச் சிந்தாமணிக்கு அழைத்துச் சென்றது போல, 'உங்கள் நிரலில் கெங்கவல்லிக்கு எத்தனை எழுத்து?' என்று நாம் கேட்கத் தொடங்கினாலே பாதி வேலை நடந்துவிடும்.