மட்டக்குதிரை வளர்க்க ஆசையா? வாங்கும் முன் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறையில் பூங்காவில் ஐந்து நிமிடம் மட்டக்குதிரை மேல் உட்கார்ந்து வந்த பிள்ளை, வீடு திரும்பியதும் "நமக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்கிறது. வீட்டில் கொஞ்சம் நிலம் இருந்தால் பெற்றோருக்கும் ஆசை வருகிறது. தோட்டத்தில் தாத்தா காலத்தில் மாடு வளர்த்த குடும்பமாக இருந்தால், "மாடு வளர்த்தவனுக்குக் குதிரை வளர்ப்பதா கஷ்டம்?" என்ற துணிச்சலும் சேர்ந்துகொள்கிறது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். மாட்டுக்கு நல்லது என்று தெரிந்து செய்யும் பல காரியங்கள் குதிரையின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

குதிரை நமக்குப் புதிய பிராணி அல்ல. தோட்டத்துக் கோயில்களில் மதுரை வீரனோடும் ஐயனாரோடும் நிற்கும் சுதைக் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தலைநகரிலும் குதிரைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் குதிரைப் பந்தயக் கழகம் ஜாலான் அம்பாங்கில் இருந்தது. அந்தத் திடல் இருந்த இடத்தில்தான் இன்று இரட்டைக் கோபுரம் நிற்கிறது. கழகம் பின்னர் சுங்கை பீசிக்கு இடம் மாறியது. ஆனால் குதிரையைப் பார்ப்பது வேறு, வீட்டில் வைத்துக் காப்பது வேறு.

எது மட்டக்குதிரை?

குதிரையின் உயரத்தைத் தலை வரை அளப்பதில்லை. தரையிலிருந்து, கழுத்து முதுகோடு சேரும் மேடு வரை அளப்பார்கள். அனைத்துலகப் போட்டி விதிகளின்படி, லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டருக்கு மேல் போகாதது மட்டக்குதிரை. இது குதிரைக் குட்டி அல்ல. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் இவ்வளவுதான் இருக்கும்.

தீபகற்பத்தில் அதிகம் காணப்படுவது 'கூடா பாடி' என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் சிறிய குதிரை. சிலி பாடி என்று சொல்வது போல, சிறிய வகை என்பதைக் குறிக்கும் பெயர் இது. சபாவில் கோத்தா பெலூட் வட்டாரத்து பஜாவ் மக்கள் தங்கள் மட்டக்குதிரைகளுக்குப் பெயர் பெற்றவர்கள். இந்த நாட்டு வகைகள் நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகியவை. குளிர்நாடுகளிலிருந்து வந்த இனங்களைவிட இவை தொடக்கநிலையில் உள்ளவர்களுக்குப் பொருத்தம்.

நன்றாகப் பராமரித்தால் மட்டக்குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வாழும். பத்து வயதுப் பிள்ளைக்காக வாங்கும் ஐந்து வயதுக் குதிரை, அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பின்னும் லாயத்தில் நிற்கும். அப்போது அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும்.

எடைக் கணக்கும் முக்கியம். குதிரை சுமக்கும் பாரம், சேணத்தையும் சேர்த்து, அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 200 கிலோ குதிரை என்றால் மொத்தம் 40 கிலோ. பிள்ளை 36 கிலோவைத் தொட்டாலே சேணத்தோடு சேர்த்து அந்த வரம்பு நெருங்கிவிடும். பெரியவர்கள் ஏறிப் படம் எடுப்பதற்கு அது தாங்காது.

எடைபோடும் இயந்திரம் இல்லாவிட்டாலும் தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தை அளக்க வேண்டும். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிடைக்கும். நெஞ்சளவு 130 சென்டிமீட்டர், நீளம் 140 சென்டிமீட்டர் என்றால் சுமார் 199 கிலோ. மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் குதிரை பெருக்கிறதா, இளைக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். பூச்சி மருந்தின் அளவும் இந்த எடையைப் பொறுத்ததே.

மாட்டுத் தீவனம் வேண்டாம்

மாட்டின் வயிறு நான்கு அறை கொண்டது. உண்டதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே இரைப்பை, அதுவும் சிறியது. அது அசைபோடாது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தவறானது உள்ளே போனால் திரும்பி வர வழியில்லை. அதனால் குதிரைக்கு ஒரே வேளையில் நிறையக் கொட்டாமல், நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

ஒரு நாளைக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு உலர்ந்த தீனி தேவை. 200 கிலோ குதிரைக்கு 3 முதல் 4 கிலோ காய்ந்த புல். பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அதுவே 15 முதல் 20 கிலோ வரை ஆகும். வெயில் நாளில் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். வாளியில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். பக்கத்தில் உப்புக் கட்டியும் வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை இவை:

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும்: இவற்றில் சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அந்த அளவு குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

தினமும் தவிடு: அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. நேப்பியர் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் உள்ள ஆக்சலேட், புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகி, முகத்து எலும்பு வீங்கும். நேப்பியர் புல்லை நம்பி வளர்ப்பவர்கள் எந்த அளவில் சுண்ணாம்புச் சத்து சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புல்வெட்டும் இயந்திரத்தில் விழுந்த புல் குவியல்: சில மணி நேரத்தில் புளித்துச் சூடேறும். கடும் வயிற்றுவலியை உண்டாக்கும்.

வெல்லம், பொங்கல், ரொட்டி, சோறு: அன்பினால் வருவோர் போவோர் எல்லாம் ஊட்டுவார்கள். மட்டக்குதிரை குறைந்த தீனியிலேயே பெருக்கும் உடல்வாகு கொண்டது. இனிப்பும் மாவும் மிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி ஏற்படும். குளம்பு சூடாக இருக்கும், குதிரை பின்னுக்குச் சாய்ந்து நிற்கும், நடக்க மறுக்கும். முற்றினால் குதிரை மீண்டும் சரியாக நடக்காமலே போகலாம்.

அரளி: கோயில் பூவுக்காக வேலியோரம் அரளி வைப்பது நம் வழக்கம். அதன் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். காய்ந்த இலையிலும் விஷம் போகாது. குதிரை எட்டும் தூரத்தில் அரளியும் உன்னிச் செடியும் இருக்கவே கூடாது.

செம்பனைத் தோட்டத்தில் மேய விடுபவர்கள், எந்த வரிசையில் எப்போது களைக்கொல்லி தெளித்தார்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்ட பிறகே அவிழ்க்க வேண்டும்.

கட்டுவதும் நெருங்குவதும்

மாட்டை நீளக் கயிற்றில் கட்டி மேய விடுவது போல் பழகாத குதிரையைக் கட்டக் கூடாது. குதிரை பயந்தால் ஓடும் பிராணி. கயிறு காலில் சுற்றியதும் மிரண்டு இழுத்து, தோலை அறுத்துக்கொள்ளும், காலையும் முறித்துக்கொள்ளும். வேலி போட்ட இடத்தில் அவிழ்த்து விடுவதே பாதுகாப்பு. முள்கம்பி வேலி வேண்டாம்.

குதிரையைப் பின்பக்கமாக நெருங்கக் கூடாது. பேசிக்கொண்டே தோள்பக்கமாகப் போக வேண்டும். பிடிக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் தலைக்கவசமும் மூடிய காலணியும் இல்லாமல் ஏறக் கூடாது.

லாயம் பத்தடிக்குப் பத்தடியாவது இருக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும், தரையில் ஈரம் நிற்கக் கூடாது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி என்பதால், தனியாக விட்டால் மரத்தைக் கடிக்கும், ஓயாமல் ஆடிக்கொண்டே நிற்கும். இன்னொரு குதிரை இல்லையென்றால் ஓர் ஆடாவது துணைக்கு வேண்டும்.

உறுமி மேளத்துக்கும் தீபாவளி வெடிக்கும் பழகாத குதிரை வேலியைத் தாண்டி ஓடிவிடும். கோயில் ஊர்வலம் போகும் சாலையோரத்தில் லாயம் இருந்தால், அந்த நாள்களில் குதிரையை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றுவது நல்லது.

நம் தட்பவெப்பம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வெப்பத்தோடு ஈரப்பதமும் அதிகம். சவாரியைக் காலை வெயில் ஏறும் முன் அல்லது மாலையில் வைத்துக்கொள்ள வேண்டும். சில குதிரைகளுக்கு இத்தகைய தட்பவெப்பத்தில் வியர்ப்பதே நின்றுவிடும். தோல் காய்ந்திருக்க, ஓய்விலும் மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றி, மருத்துவரை அழைக்க வேண்டும். புகைமூட்ட நாள்களில் ஓட்டம் வேண்டாம்.

சேறும் சாணமும் சேர்ந்த தரையில் நின்றால் குளம்பின் அடி அழுகி, கறுத்த நீர் வடிந்து நாறும். தினமும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவ வேண்டும்.

2021 டிசம்பர் வெள்ளத்தை ஷா ஆலம், கிள்ளான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்வான இடத்தில் லாயம் வைத்திருப்பவர்கள், நீர் ஏறினால் குதிரையை எந்த மேட்டுக்கு, யாருடைய லோரியில் கொண்டுபோவது என்று மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

நோய் அறிகுறிகள்

உடல்நலமுள்ள குதிரையின் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. சிறிய குதிரைக்குச் சற்றுக் கூடலாம். மூச்சு 8 முதல் 16.

வயிற்றை உதைப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது ஆகியவை வயிற்றுவலியின் அடையாளம். குதிரைகள் இறப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். மாட்டுக்குச் செய்வது போல் மூங்கில் குழாயிலோ புட்டியிலோ எண்ணெயும் கஷாயமும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விட்டால் வயிற்றுவலியில் பிழைக்க வேண்டிய குதிரையும் பிழைக்காது.

குதிரைக்கு ரணஜன்னி எளிதில் பற்றும். சிறு ஆணிக் காயமும் போதும். எனவே அதற்கான தடுப்பூசி கட்டாயம். பல்லை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். குதிரைகளுக்குச் சிகிச்சை தரும் இடங்களில் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையும் ஒன்று. வீட்டுக்கு வரக்கூடிய மருத்துவர் யார் என்பதைக் குதிரை வாங்குவதற்கு முன்பே தேடி வைப்பது அவசியம்.

பத்திரமும் சட்டமும்

2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கான குதிரைகள் மடிந்தன. அதே ஆண்டு மலேசியாவிலும் அந்நோய் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கொசுறுப் பூச்சிகளால் பரவும் நோய் இது, மனிதருக்குத் தொற்றாது. எல்லை தாண்டிப் பத்திரம் இல்லாமல் வந்த குதிரை விலை குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. எங்கிருந்து வந்தது, என்ன தடுப்பூசி போடப்பட்டது என்பதற்கான தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துச் சென்று குதிரையைச் சோதிப்பது நல்லது.

குடியிருப்புப் பகுதியில் குதிரை வைக்கலாமா என்பதை உங்கள் ஊராட்சி மன்றத்திடமும் கால்நடைச் சேவை இலாகாவிடமும் முதலில் கேட்க வேண்டும். 200 கிலோ குதிரை ஒரு நாளில் சுமார் 10 கிலோ சாணம் போடும். தினமும் அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும். அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள். மக்க வைத்தால் காய்கறித் தோட்டத்துக்கு நல்ல எரு.

2015 விலங்கு நல்வாழ்வுச் சட்டத்தின்படி, உணவு, தண்ணீர், தங்குமிடம், சிகிச்சை ஆகியவை உரிமையாளரின் கடமை. விலங்கை வதைத்த குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசிக்கும் குடும்பமும் குதிரையோடு பழகலாம். புத்ராஜெயா குதிரையேற்றப் பூங்கா போன்ற இடங்களில் தொடங்கலாம். சவாரி வகுப்பு மட்டும் போதாது. லாயம் கூட்டுவது, குளம்பு சுரண்டுவது, தீனி அளப்பது ஆகியவற்றையும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து ஆறு மாதமாவது கற்க வேண்டும். மழைநாளில் விடியற்காலை எழுந்து சாணம் அள்ள அந்தப் பிள்ளை அப்போதும் தயாராக இருந்தால், அடுத்த படியாக, மாதக் கட்டணத்தில் குதிரையைப் பராமரிக்கும் லாயங்களை விசாரிக்கலாம்.

சொந்தமாக வாங்குவதானால் எட்டு வயதுக்கு மேற்பட்ட, பிள்ளைகளோடு பழகிய பெண்குதிரையோ காயடித்த ஆண்குதிரையோ நல்லது. பழக்கப்படாத குட்டியும் பொலிக்குதிரையும் தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு வேண்டாம். விற்பவர் முன்னிலையில் குளம்பைத் தூக்கிப் பார்த்து, சேணம் போட வைத்து, வேறொருவர் ஏறி நடத்துவதைக் கண்ட பிறகே விலை பேச வேண்டும். புல், லாடக்காரர், மருத்துவர், தடுப்பூசி, நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளும் ஆள் என ஒரு மாதச் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். குதிரையின் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். இந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு வரும்.